சும்மா இருந்த அரை நிமிடங்கள்

ஓய்வு பெற்றவனிடம் போய் "உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள்" என்று கேட்பது, பந்தியில் சாப்பிட்டு எழுந்தவனிடம் சமையல் எப்படி என்று கேட்பதைப் போன்றது. கைகூடக் கழுவாமல் நின்று பேசுவான். கேட்டுவிட்டீர்கள். அனுபவியுங்கள்.

மதுரையில் முப்பது வருடம் ஸ்கேன் அறையில் குப்பை கொட்டியவன் நான். இப்போது அதே வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு எம்.ஆர்.ஐ. எந்திரத்தைப் பற்றிச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் கிடையாது. நான் பழகிய எந்திரங்கள் எல்லாம் இந்நேரம் பழைய இரும்புக்குப் போயிருக்கும். மிச்சமிருப்பவை நான் செய்த தப்புகள்தான். ஒரு பெரியவரின் வலது முழங்காலுக்குப் பதிலாக இடது முழங்காலைப் படம் எடுத்து, அவருக்கே தெரியாத ஒரு நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்தது போன்றவற்றை டீக்கடையில் நின்று சொல்லிச் சிரிக்கலாம். சொல்லியும் இருக்கிறேன். இப்போது எழுதப்போவதை எந்த டீக்கடையிலும் சொன்னதில்லை.

முதலில் ஒரு வாக்குமூலம். நான் வாயாடி. தூங்கும்போது மட்டும் பேசமாட்டேன் என்று நம்பியிருந்தேன். என் மனைவி அதையும் மறுத்துவிட்டாள்.

அப்போது எங்கள் மருத்துவமனையில் டாக்டர் நஸ்ரின் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களின் மூளையைப் படம் பிடிப்பது. வழக்கமான படம் எந்த இடம் செத்துவிட்டது என்று காட்டும். அவருக்கு வேண்டியது வேறு. பெரும்பாலானவர்களுக்குச் சொற்கள் குடியிருப்பது மூளையின் இடது பக்கம். அந்த வீடு எரிந்துபோனால், எதிர்வீட்டில், அதாவது வலது பக்கத்தில், யாராவது விளக்கேற்றுகிறார்களா? அதுதான் அவருடைய கேள்வி. நோயாளியை எந்திரத்துக்குள் படுக்கவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, ஒரு கதையை ஓடவிடுவோம். கேட்கிறபோது மூளையில் எங்கே ரத்தம் கூடுதலாக ஓடுகிறதோ, அந்த இடம் பிறகு கணினியில் வண்ணத்தில் தெரியும்.

பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்த ஒருவரின் கதை அது. நஸ்ரினே தன் குரலில் பதிவு செய்திருந்தார். அரை நிமிடம் கதை. அடுத்த அரை நிமிடம் அதே குரல், அதே கதை, ஆனால் பின்பக்கமிருந்து முன்பக்கமாக ஓடும். பொருளில்லாத வெறும் ஒலிக்கு மூளை என்ன செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க. மூன்றாவது அரை நிமிடம் ஒன்றுமே இல்லை. ஓய்வு. பிறகு மறுபடி கதை. இப்படி ஆறு சுற்று.

அந்தத் தலைகீழ்க் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. மனுசக் குரல்தான். மூச்சு வாங்கும் இடம்கூடத் தெரியும். ஆனால் எந்த உலகத்துப் பேச்சு என்று தெரியாது. கோடாங்கி உடுக்கடித்துக் குறி சொல்வதில்கூட நாலு வார்த்தை பிடிபடும், இதில் பிடிபடாது. வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், பக்கத்து அறையில் ஆட்கள் நடமாடும்போதே, எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும்.

ஆகவே என்னுடைய கால அட்டவணை இப்படி அமைந்தது. கதை ஓடும்போது வாயைத் திறக்கமாட்டேன். நாற்பது தடவை கேட்டிருந்தாலும் குடை கிடைக்குமா என்று எனக்குத் தவிப்பு. தலைகீழ்க் குரல் ஓடும்போதும் திறக்கமாட்டேன், அது பயம். என் வாய்க்குக் கிடைத்த ஒரே இடைவெளி அந்த மூன்றாவது அரை நிமிடம். அதில் வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்ப்பேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நாம் உட்காரும் அறையில், உள்ளே படுத்திருப்பவரோடு பேச ஒரு மைக் பெட்டி இருக்கும். பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால்தான் நம் குரல் அவருடைய ஹெட்போனுக்குப் போகும். விரலை எடுத்தால் நின்றுவிடும். பேச்சுப் போனவர்களுக்கு ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை, மெதுவாகச் சொல்லவேண்டும். கட்டைவிரல் கடுத்துப்போகும். அதனால் நான் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து, அட்டையை நாலாக மடித்து, பொத்தானின் இடுக்கில் செருகிவிடுவேன். பொத்தான் அழுந்தியபடியே நிற்கும். சொல்லி முடித்ததும் அட்டையை உருவிவிட வேண்டும். இந்தக் கண்டுபிடிப்பு முழுக்க என்னுடையது. நஸ்ரினுக்குக்கூடத் தெரியாது.

வேலுச்சாமி ஐயா செல்லூர்க்காரர். விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரியாக இருந்தவர். பக்கவாதம் வந்து ஐந்து வாரம். மாடி வார்டில் இருந்தார். வலது கை, வலது கால் விளங்கவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் தப்பிப் பிழைத்திருந்தது. எதைக் கேட்டாலும் "வாரேன்" என்பார். சாப்பிட்டீங்களா? வாரேன். வலிக்குதா? வாரேன். பேர் என்ன? வாரேன். நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டவில்லை, கண்ணை மூடச் சொன்னால் மூடவில்லை. அவருடைய கோப்பில் "புரிதல் இல்லை" என்று எழுதியிருந்தார்கள்.

அன்றைக்குக் கடைசி ஸ்கேன் அவருடையது. மகள் தனலட்சுமி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மகள் கண்ணில் படாவிட்டால் அவர் பதறுவார். அதனால் நஸ்ரின் அவளை என் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தார். தலைமேல் மாட்டும் கூண்டில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டல்லவா, மல்லாந்து படுத்திருப்பவர் அதில் நம் சன்னலைப் பார்க்கலாம். அவருக்கு அந்தக் கண்ணாடியில் மகள் தெரிவாள். அதற்குள் வார்டிலிருந்து அவசர அழைப்பு. "ஆரம்பிச்சு வைங்கண்ணே, வந்துர்றேன்" என்று நஸ்ரின் ஓடினார்.

நான் அட்டையைச் செருகினேன். "ஐயா, ஆடாம படுத்திருக்கணும். ஒரு கதை வரும். சும்மா கேளுங்க" என்று பத்துத் தடவை சொன்னேன். பிறகு டீ வந்தது. பிளாஸ்க்கை மைக் பெட்டிக்கு முன்னால் வைத்தேன். ஸ்கேனை ஓடவிட்டேன்.

அட்டையை உருவவில்லை.

எந்திரம் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தால் பயில்வான்களே கையில் கொடுத்திருக்கும் அபாய ரப்பர் பந்தை அழுத்தி வெளியே எடுக்கச் சொல்வார்கள். இவர் உடம்பு தளர்ந்து, நிம்மதியாகக் கிடந்தார். முதல் ஓய்வில் அதைப் பற்றித்தான் தனலட்சுமியிடம் வியந்தேன்.

"அவருக்கு இதெல்லாம் ஒரு சத்தமாண்ணே? முப்பது தறி ஓடுற எடத்துல நின்னவரு. அம்புட்டுச் சத்தத்துலயும் பத்தடி தள்ளி நாங்க மொணங்குனாக்கூடப் பிடிச்சிருவாரு. இல்லாட்டி வாயைப் பாத்தே கண்டுபிடிச்சிருவாரு" என்றாள்.

கதை வந்தது. வாயை மூடினேன். குரல் தலைகீழாக ஓடியது. கைகளைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது ஓய்வில், வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்: "அம்மா வரலையாம்மா? இதுக்கு முன்னாடி அவங்கதானே கூட இருந்தாங்க?"

அவள் சன்னல் வழியே அப்பாவைப் பார்த்தாள். மூன்றாவது ஓய்வில் சொன்னாள். "அம்மா தவறிட்டாங்கண்ணே. பதினோரு நாளாச்சு. அப்பாவுக்குத் தெரியாது. அழகர்கோவில்ல நேர்த்திக்கடன், அப்படியே சித்தி வீட்டுல தங்கிட்டாங்கன்னு சொல்லி வச்சிருக்கோம்."

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது இது: "சொன்னா மட்டும் என்னம்மா ஆகப்போகுது. அவருக்கு என்ன, புரியவா போகுது?"

நாலாவது ஓய்வில், எப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"நல்லாத்தாண்ணே இருந்தாங்க. குளிச்சு மாத்துத்துணி எடுத்துட்டு வாரேன்னு வார்டுல இருந்து வீட்டுக்கு வந்தாங்க. காலையில துணி காயப்போட மாடிக்குப் போனாங்க. நான் அடுப்படியில இருந்தேன். கொஞ்ச நேரத்துல..."

கதை ஆரம்பித்துவிட்டது. நான் கையை உயர்த்தி, "இரும்மா, கதை வந்துருச்சு" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள். பிறகு வரவில்லை. மிச்சச் சுற்றுகளை நானும் அந்தக் குடைக்காரரும் மட்டும் ஓட்டி முடித்தோம்.

அவரை வெளியே எடுத்தபோது கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. ஏ.சி. குளிருக்குச் சிலருக்கு அப்படி வரும் என்று துடைத்துவிட்டேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகிக்கொண்டே போனது. "என்னய்யா, இன்னொரு கதை வேணுமா?" என்றேன். எதைக் கேட்டாலும் "வாரேன்" என்பவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. என் வாயையே பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் நஸ்ரின் மடிக்கணினியோடு வந்தார். காலையிலிருந்து எந்திரத்துக்கு சர்வீஸ் நடந்ததால் யாரையும் உள்ளே அனுப்பவில்லை.

திரையில் அவருடைய மூளை. இடது பக்கம், ஓர் எலுமிச்சம்பழம் கொள்ளுமளவு கறுப்பு. வலது பக்கம் காதுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது. நான் கைதட்டாத குறை. நஸ்ரின் சிரிக்கவில்லை.

"கதைக்கு எரியுது. அது சரி. தலைகீழாப் போறதுக்கு எரியல. அதுவும் சரி. ஒண்ணுமே இல்லாதப்ப எரியுதுண்ணே. கதையைவிடக் கூடுதலா எரியுது."

"ஆடியிருப்பாரு."

"ஆடல. பாத்துட்டேன். கல்லு மாதிரிக் கிடந்திருக்காரு." கோட்டுப்படத்தில் விரலை வைத்து நகர்த்தினார். ஓய்வு ஒன்று, மேடு. இரண்டு, மேடு. மூன்று, பெரிய மேடு. நாலு, அதைவிடப் பெரிது. அதற்கப்புறம் கோடு படுத்துவிட்டது. ஐந்தாவது சுற்றில் கதை ஓடுகிறது, கோட்டில் ஒரு சலனமும் இல்லை. ஆறாவதிலும் இல்லை. குடையைத் தேடி அந்த மனிதர் டெப்போவுக்குப் போகிறார், கண்டக்டரிடம் கேட்கிறார். கேட்பதற்கு அந்தப் பக்கம் ஆளில்லை.

நஸ்ரின் தன் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "படிச்சவ இதைச் சொல்லக்கூடாதுண்ணே. நாம பேசாத நேரத்துல அவருகிட்ட வேற யாரோ பேசியிருக்காங்கன்னு தோணுது."

நம் மருத்துவமனையில் பேய் வந்தாலும் பாஸ் இல்லாமல் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார் என்று ஒரு ஜோக் அடித்தேன். ஓய்வு நேரத்தில் பேசுகிற பேய் எதுவென்று எனக்குத்தான் தெரியுமே.

அவர் போன பிறகு பிளாஸ்க்கை நகர்த்தினேன். மைக் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அட்டை அப்படியே இடுக்கில் இருந்தது.

முதலில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு நஸ்ரினுக்குப் போன் செய்து, "எந்திரத்துலதான் கோளாறு, சர்வீஸ்காரரும் சொன்னாரு, அந்த டேட்டாவைத் தூக்கிப் போட்டுருங்க" என்றேன். சர்வீஸ்காரர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவர் வடை நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்.

மனசு கேட்கவில்லை. எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அட்டையை மறுபடி செருகி, என் போனை மைக்கின் முன்னால் வைத்து, என் மனைவி அனுப்பியிருந்த குரல் செய்தியைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தேன். பிறகு உள்ளே போய், ஹெட்போனை மாட்டி, கூண்டுக்குள் தலையை வைத்துப் படுத்தேன்.

முருங்கைக்காய் வாங்க மறந்ததைப் பற்றி அவள் பேசினாள். வெளியிலிருந்து வருகிற குரலாக இல்லை. என் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, என் நினைப்பைப் போல, அத்தனை பக்கத்தில் பேசினாள். "சொன்னா மட்டும் என்ன ஆகப்போகுது, உங்களுக்கு என்ன, காதுல ஏறவா போகுது" என்றாள். கிட்டத்தட்ட என்னுடைய வாக்கியம். கண்ணைத் திறந்தேன். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் என் காலி நாற்காலி தெரிந்தது. பக்கத்தில் காலி ஸ்டூல். இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இங்கே படுத்தபடி அவர் பார்த்திருக்கிறார். வாயாடி ஒருவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாயசைக்கிறான். மகள் அழுகிறாள். பிறகு மகள் எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த ஸ்டூல் இப்படித்தான் இருந்திருக்கும்.

எழுந்து வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. அட்டையை மறுபடி பையில் போட்டுக்கொண்டேன், அப்போதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தறிக்கூடத்தை வசதியாக மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் வேலுச்சாமி ஐயாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். ஸ்கேனுக்குப் பிறகு அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. "வாரேன்" என்ற சொல்லும் நின்றுபோயிற்று. சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பவில்லை. வார்டு டாக்டருக்கு இரண்டாவது பக்கவாதம் என்று சந்தேகம். எடுத்த படத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தேன். புதிதாக ஒரு பொட்டுக்கூட இல்லை. என் பணிக்காலத்தில் ஒரு சுத்தமான படத்தைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

வார்டு டாக்டர் தப்பானவர் இல்லை. சின்ன அடைப்பு சிலசமயம் உடனே படத்தில் தெரியாது, மூக்கில் குழாய் போட்டுத் தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிடலாம் என்றார். தனலட்சுமி வாசலில் நின்றாள். "இன்னும் மூணு நாள்ல அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். இவரையும் அங்க கொண்டுபோய்ப் படுக்கப் போட்டா நான் எங்கண்ணே நிப்பேன்?" என்றாள். நேற்றிலிருந்து என் சட்டைப்பையில் ஓர் அட்டை இருப்பது அவளுக்குத் தெரியாது.

நெருக்கடியில் முடிவெடுப்பது என்று பெரிதாகப் பேசுவார்கள். என்னைப் பொறுத்தவரை அது அவ்வளவு கம்பீரமாக நடக்கவில்லை. மாடிப்படியில் பாதி ஏறி, இறங்கி, கழிப்பறைக்குப் போய் முகம் கழுவி, மறுபடி ஏறினேன். வேலை போகும், போகட்டும் என்று நான் நினைத்ததாகச் சொல்ல ஆசைதான். நினைக்கவில்லை. குழாயை எடுத்துக்கொண்டு நர்ஸ் என்னைத் தாண்டிப் போனார். அவருக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நஸ்ரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை மேசைமேல் வைத்தேன். தங்க நிறத்தில் பாதி மணமகன் பெயர் அதில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. பிறகு கேட்டார்: "எந்தெந்த நேரத்துல பேசுனீங்க?"

"ஓய்வுல மட்டும்தான்."

"அவ எப்ப எந்திரிச்சுப் போனா?"

"நாலாவது முடிஞ்சதும்."

மடிக்கணினியைத் திறந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். "இந்தப் படம் அவரு என்ன நினைச்சாருன்னு சொல்லாது. ரத்தம் எங்க ஓடுச்சுன்னுதான் சொல்லும். இதை வச்சு நான் எதையும் எழுத முடியாது" என்றார். மூடினார். "ஆனா குழாயை நிப்பாட்டச் சொல்லலாம். வாங்க."

தனலட்சுமியிடம் நான்தான் சொல்லவேண்டும் என்றார். சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இத்தனை நாளா நாங்க ஒருத்தரு மூஞ்சியை ஒருத்தரு பாத்து அழாம இருந்தோம்ணே, அவருக்காக" என்றாள். பிறகு, "என்னால சொல்ல முடியாது. நீங்கதானே சொன்னீங்க. நீங்களே வந்து நேர்ல சொல்லுங்க."

அந்த வார்டுக்குள் நுழையும் முன் உங்களுக்கு ஒன்று. அறிவுரை சொல்கிற யோக்கியதை எனக்கில்லை, அதனால் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் "புரிதல் இல்லை" என்று இருந்தால், நாக்கை நீட்டச் சொன்னபோது நீட்டவில்லை என்று மட்டும் அதற்கு அர்த்தம். மூளை அடிபட்டவருக்கு, சொன்னதைப் புரிந்துகொள்வது ஒன்று, சொன்னபடி நாக்கையும் கையையும் ஏவுவது இன்னொன்று. இதை நஸ்ரின் அதற்கு முன்பே எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். நான் அப்போது வேறு எதையோ பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சன்னலில் நல்ல வெயில். குழாய்த் தட்டு ஓரமாக இருந்தது. தலைமாட்டுக் கம்பியில் ஒரு துண்டு. நான் "ஐயா" என்றேன். என்னைப் பார்ப்பதற்கு முன்பே, குரலுக்கு, அவருடைய முதுகு விறைத்தது. மெல்லத் திரும்பினார். கண் என் வாய்க்கு வந்து நின்றது.

"ஐயா, அன்னைக்கு நீங்க மெஷினுக்குள்ள இருந்தப்ப, நான் பேசுனது உங்களுக்குக் கேட்டுச்சு. அப்படித்தானே?"

இடது கையை உயர்த்தினார். இரண்டு விரலால் தன் காதைத் தட்டினார். பிறகு அந்த விரல்களை என்னை நோக்கி நீட்டினார். இறக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"உங்க வீட்டம்மா தவறிட்டாங்க. அதை உங்ககிட்ட இப்படி உக்காந்து சொல்லியிருக்கணும். நான் உங்களை வச்சுக்கிட்டே, உங்களுக்குப் புரியாதுன்னு பேசிட்டேன். தப்பு என்னோடது."

என் மன்னிப்பைக் காதில் வாங்க அவர் காத்திருக்கவில்லை. நான் முடிக்கும் முன்பே கண் என்னை விட்டு மகளிடம் போய்விட்டது. கையை மேலே நீட்டிக் கம்பியிலிருந்த துண்டை உருவினார். ஒற்றைக் கையால் அதை உதறினார். காற்றில் உயர்த்தி, அங்கே இல்லாத ஒரு கொடியின் மேல் போட்டார். துண்டு போர்வையில் விழுந்தது. மகளையே பார்த்தார். அவள் அசையாமல் நின்றாள். மறுபடி துண்டை எடுத்தார், உதறினார், உயர்த்திப் போட்டார். பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துணி காயப்போட மாடிக்குப் போனாங்க, கொஞ்ச நேரத்துல... அந்த இடத்தில்தான் நான் கையை உயர்த்தி அவளை நிறுத்தினேன். மிச்சத்துக்குப் பதில் அவருக்குப் பஸ்ஸில் போன குடையைக் கேட்கவைத்தேன். அன்றிலிருந்து அவர் அந்த மாடியிலேயே நின்றுகொண்டிருக்கிறார். கீழே இறங்கி வர அவருக்கு யாரும் வழி சொல்லவில்லை.

தனலட்சுமி கட்டிலில் உட்கார்ந்தாள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடிக்குப் போனாங்கப்பா. ஒங்க வெள்ளை வேட்டியைத்தான் முதல்ல காயப்போட்டாங்க. கொஞ்ச நேரத்துல என்னைக் கூப்பிட்டாங்க. மேல போனேன். படியில உக்காந்திருந்தாங்க. நெஞ்சு என்னமோ பண்ணுதுடின்னாங்க. என் தோள்ல சாஞ்சாங்க. அம்புட்டுத்தான். ரொம்ப நேரம் இல்லப்பா. கஷ்டப்படல. ஆட்டோ வாரதுக்குள்ள போயிட்டாங்க. அப்பாவுக்குச் சாயங்காலம் துணி எடுத்துட்டுப் போகணும்னாங்க. அதான் கடைசியாச் சொன்னது. சித்தப்பா மகன் கொள்ளி வச்சான். எல்லாம் முறைப்படி பண்ணிட்டோம்."

அவர் கேட்டார். ஒரு சொல் சிந்தாமல் கேட்டார். அவள் முடித்ததும் துண்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். மறுபடி.

அவள் மறுபடி சொன்னாள், மாடியிலிருந்து. அழுதுகொண்டே சொன்னாள். துண்டு மறுபடி உயர்ந்தது.

மூன்றாவது தடவை அவள் அழவில்லை. சொல்லச் சொல்லக் குரல் நிதானமாகிவிட்டது. அவர்தான் அழுதார். வாயின் ஒரு பக்கம் மட்டும் கோணிக்கொண்டு, சத்தமில்லாமல், வெகுநேரம். நஸ்ரின் குழாய்த் தட்டை எடுத்து நர்ஸிடம் கொடுத்து வெளியே அனுப்பினார்.

"ஞாயித்துக்கிழமை காரியம்ப்பா. நீங்க வந்து உக்காரணும்" என்றாள் தனலட்சுமி.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து மேசையில் ஆறிப்போன கஞ்சி இருந்தது. இடது கையை நீட்டி டம்ளரைத் தன் பக்கம் இழுத்தார். பாதி போர்வையில் சிந்தியது. மீதியைக் குடித்தார்.